இரண்டு ஸ்ரீதேவி

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சேலம் செவ்வாய்பேட்டையில் நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்திருக்கும் வெள்ளிக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. மாதச் சீட்டில் சேர்ந்திருந்த ஸ்ரீதேவி என்ற வாடிக்கையாளர் பத்தாவது தவணையைக் கட்ட வந்து நிற்கிறார்; அவர் கையிலுள்ள அட்டையில் ஒன்பது தவணைக்கும் முத்திரை விழுந்திருக்கிறது; கணினியோ ஏழு தவணைதான் வந்திருப்பதாகச் சொல்கிறது. "ரெண்டு மாசப் பணத்தை உங்க சாஃப்ட்வேர் முழுங்கிடுச்சுங்க" என்றார் கடைக்காரர். இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு நான் வழக்கமாக வைத்திருக்கும் பதிலையே அன்றும் சொன்னேன்: பதிவு செய்த பெண் பெயரைத் தப்பாக அடித்திருப்பார், நன்றாகத் தேடிப் பாருங்கள்.

தேடியும் கிடைக்கவில்லை என்றதும், ஐந்து ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கோட்டை மாரியம்மன் திருவிழா நேரமாதலால் கடையில் வெள்ளிக் கண்மலர் வாங்க வந்த கூட்டம் நெருக்கியது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த கணினியில் ஸ்ரீதேவி என்று அடித்தேன். ஏழு தவணை கட்டிய ஸ்ரீதேவி வந்தார். பதிவு செய்யும் பெண்ணின் கைப்பேசியை வாங்கி அதே பெயரை அடித்தேன். இரண்டு தவணை மட்டும் கட்டிய வேறொரு ஸ்ரீதேவி வந்தார். தெருவும் தலைப்பெழுத்தும் ஒன்று. கைப்பேசி எண் மட்டும் வேறு, ஏனென்றால் இரண்டாம் முறை அவர் கணவருடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார். இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெயரில் ஒரு புள்ளி வித்தியாசமும் தெரியவில்லை. அந்தப் பெண் கைப்பேசியில் தேடியிருக்கிறார், பெயர் இல்லை என்று செயலி சொல்லியிருக்கிறது, அதை நம்பிப் புதிய உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார். அவர் செய்ததில் தவறே இல்லை.

தவறு ஸ்ரீயில் இருந்தது. கண்ணுக்கு ஒரே உருவமாகத் தெரியும் இந்த எழுத்தை, கணினிக்காக ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் இரண்டு வழிகளில் அடிக்கலாம். ஸகர மெய்யோடு ரீ சேர்ப்பது ஒன்று. ஶ என்ற இன்னொரு கிரந்த எழுத்தின் மெய்யோடு ரீ சேர்ப்பது மற்றொன்று. ஶ என்பது 2005-ஆம் ஆண்டு வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில்தான் இடம்பெற்றது. அதற்கு முன்பு எல்லோரும் ஸகரத்தை வைத்தே ஸ்ரீயை எழுதிவந்தார்கள், பலர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எழுத்துருக்கள் பலவும் இரண்டு வரிசைகளுக்கும் ஒரே படத்தை வரைந்துவிடுவதால் படிப்பவருக்குச் சிக்கல் இல்லை. தேடும் இயந்திரத்துக்கோ ஸ்ரீதேவியும் ஶ்ரீதேவியும் வெவ்வேறு ஆட்கள். கடையின் கணினியில் இருந்த விசைப்பலகை ஒன்றைத் தந்தது, கைப்பேசியில் இருந்தது மற்றதைத் தந்தது, நாங்கள் இரண்டையும் வந்தபடியே வாங்கிச் சேமித்து வைத்தோம்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மற்ற பெயர்களையும் துருவினேன், பயந்ததைவிட மோசமாக இருந்தது. ஒகர, ஓகார உயிர்மெய்களை, கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தும் எழுதலாம், ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஆனால் இவை இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரமே சொல்லியிருப்பதால், நிரல்மொழிகளில் கிடைக்கும் இயல்பாக்கம் என்ற வசதியை ஒருமுறை ஓட்டினால் போதும், சரியாகிவிடும். ஸ்ரீக்கு அந்தச் சலுகை கிடையாது. தரத்தின் பார்வையில் அவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள்தான்.

இவற்றையெல்லாம் விடத் தொல்லை தந்தது ஔகாரம். ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கத்தில் நிற்கும் குறி பார்வைக்கு அப்படியே ளகரம்தான். தட்டச்சு இயந்திரக் காலத்தில் அதை ளகர விசையைக் கொண்டே அடித்தார்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. கடையின் பழைய கணக்கு அப்படிப்பட்ட ஓர் எழுத்துருவில்தான் கிடந்தது, அதை நாங்கள்தான் மாற்றிக் கொடுத்தோம். மாற்றும் கருவிக்கு எது ளகரம், எது குறி என்று தெரியாது. பல இடங்களில் கொம்பு, மெய், ளகரம் என்று மூன்றாக உடைத்து வைத்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் இது சிறு பிழையாகக் கடந்துபோயிருக்கும். சேலத்தில் அது நடக்காது. தேவாங்கர்களின் குலதெய்வம் சௌடேஸ்வரி, சௌராஷ்டிரர்களும் இங்கே நிறையப் பேர், போதாக்குறைக்குத் தெருவுக்கு ஒரு சௌந்தரமும் கௌரியும் உண்டு. ஔகாரம் இல்லாமல் இந்த ஊரின் பேரேட்டில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்ப முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, நான் இந்த வேலையில் செய்திருக்கும் தவறுகளிலேயே அவசரமானதைச் செய்தேன். தரவுத்தளத்தில் எங்கெல்லாம் ஓர் எழுத்துக்குக் கொம்பும் அதை அடுத்து ளகரமும் வருகின்றனவோ, அங்கெல்லாம் அவற்றை நீக்கி ஔகாரக் குறியை வைக்கும்படி ஒரே வரியில் கட்டளை எழுதினேன். பெயர்கள் உள்ள பத்தியில், அதாவது அட்டவணையின் அந்த நெடுவரிசையில், மட்டும் ஓட்டியிருக்கலாம். முகவரியிலும் இருக்குமே என்ற அக்கறையில் எல்லா எழுத்துப் பத்திகளிலும் ஓட்டினேன். சௌந்தரங்களும் கௌரிகளும் ஒழுங்காகச் சேர்ந்து நின்றதைப் பார்த்து மகிழ்ந்து, கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி என்ற சொல்லை மனத்துக்குள் எழுத்துக் கூட்டிப் பார்க்கும் எவருக்கும் என்ன நடந்திருக்கும் என்பது புரிந்திருக்கும். வகரம், கொம்பு, ளகரம். என் கட்டளைக்கு அது சௌந்தரத்தின் சௌ போலவே தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை கடை திறந்ததும் அடித்த முதல் ரசீதில் வெள்ளிக் கண்மலர் என்று வரவேண்டிய இடத்தில் வௌ என்று தொடங்கி, ஒட்ட இடமில்லாத புள்ளி ஒன்று சிறுவட்டத்தின் மேல் தனியாக நிற்க, அதன் பின்னால் ளி வந்திருக்கிறது. வெள்ளிக் கொலுசு, வெள்ளி அரைஞாண், வெள்ளிக் குங்குமச்சிமிழ், எல்லாவற்றுக்கும் அதே கதி. வெள்ளிக் கடையில் வெள்ளி என்ற சொல்லையே கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வியாழக்கிழமை இரவு எடுத்த நகல் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் மீட்டுவிட்டோம். அதற்குள் போன ரசீதுகள் போனவைதான். சேதம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்றாலும், முந்தைய சனிக்கிழமை நான் பழி போட்ட அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் ரசீதை என் பக்கம் நகர்த்தி வைத்ததை நான் எளிதில் மறக்கப்போவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். அவர்களில் ஒருவருக்கு வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். பலத்த மழை பெய்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கீழே இறங்கி வரமாட்டார், அங்கிருந்தே வேலை பார்ப்பார். அந்த வாரமும் மலையில் மழை. கம்பியில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்விட்டதால், இணையம் கிடைத்த அரைமணி நேரத்தில் அவர் எழுதி அனுப்பிய கடிதம் சுருக்கமாக இருந்தது. வாடிக்கையாளர் அடித்ததைத் தொடாதே. அதன் பக்கத்தில் தேடலுக்கென்று தனியாக ஒரு பத்தி வை. மாற்றங்களையெல்லாம் அதில் மட்டும் செய். தேடும்போது அடிக்கும் சொல்லையும் அதே சல்லடையில் போட்டு எடு. யோசித்துப் பார்த்தால் இதில் இன்னொரு நயமும் உண்டு. இரு பக்கமும் ஒரே சல்லடை என்பதால், அது வெள்ளியைக் கெடுத்தாலும் இரு பக்கமும் ஒரே மாதிரியாகக் கெடும், தேடல் பொருந்திவிடும். ரசீதில் அச்சாவது தொடப்படாத மூலம். முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியதுதான். மின்சாரமும் இணையமும் தடையில்லாமல் கிடைப்பவனுக்கு யோசிப்பதற்கு முன்பே கட்டளையை ஓட்டிவிட முடிகிறது என்பது ஒரு வசதியா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் கடையின் கணக்குப்பிள்ளை ஐயா தன் பழைய குறையை மறுபடியும் எடுத்தார். எழுபதைத் தாண்டியவர், பேரேட்டில் கையால் எழுதிப் பழகியவர். உறுப்பினர் பட்டியலைத் தாளில் எடுத்துக் கொடுத்தபோதெல்லாம் "வரிசை சரியில்லை தம்பி" என்பார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இம்முறை உட்கார்ந்து கேட்டேன். மலருக்கு அப்புறம் ஏன் மல்லிகா வருகிறாள் என்று கேட்டார். அகராதியில் மெய் முந்தும், மல்லிகாதான் முதலில் நிற்கவேண்டும். அன்பு முதலிலும் அமுதா பின்னாலும் இருப்பது எப்படி என்றார்; நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்தல்லவா? அறிவுக்குப் பிறகு அழகு வந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. யூனிகோடில் தமிழுக்கு முதலில் ஒதுக்கிய 128 இடங்களும், இந்திய மொழிகளை ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கிய இஸ்கி என்ற முந்தைய தரத்தைப் பின்பற்றியவை. அதனால் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலும் றகரம் ரகரத்துக்குப் பக்கத்திலும் வந்து உட்கார்ந்தன, புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் போயிற்று. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் தரவுத்தளம் இந்த வரிசையைத்தான் தரும். தமிழுக்குரிய அகரவரிசை விதிகளை யூனிகோடு அமைப்பே தனியாக வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தும்படி தரவுத்தளத்துக்கு ஒரு சொல் சொல்லவேண்டும். நாங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். போதாததற்குப் பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒரே கட்டத்தில் வாங்கியிருந்தோம். "எல்லாரும் அவங்கவங்க அப்பா பேர்லதானே நிக்கிறாங்க, நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

எழுத்தை எண்ணுவதிலும் இதே சங்கடம். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரில் நமக்கு ஒன்பது எழுத்து, கணினிக்குப் பதினாறு. சீட்டு அட்டையில் பெயருக்குப் பதினைந்து இடம் விட்டிருந்ததால், அவர் கடைசிப் புள்ளியை இழந்து மீனாட்சிசுந்தரம ஆகியிருந்தார். தவணையை நினைவூட்டும் குறுஞ்செய்தியிலும் இந்தக் கணக்குதான் பணமாகிறது: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70, அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்துகள். வணக்கம் என்று மரியாதையாகத் தொடங்கினாலே ஏழு போய்விடும். கடைக்காரர் தமிழில்தான் அனுப்பவேண்டும் என்று உறுதியாக நின்றதால் வணக்கத்தை எடுத்துவிட்டோம்.

இந்த வேலைக்கு எப்படி விலைச்சீட்டு எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. இரண்டு ஸ்ரீக்களை ஒன்றாக்கியதற்கு ஐந்து நாள் உழைப்பு என்று எழுதினால் எந்தக் கடைக்காரரும் நம்பமாட்டார். பராமரிப்பு என்று எழுதினால் அது ஆண்டுக் கட்டணத்தில் அடங்கியதுதானே என்பார். கடைசியில் எதுவும் எழுதவில்லை. எங்கள் தவறுக்கு அவர் ஏன் பணம் தரவேண்டும் என்று நான் சொன்னதை, வெள்ளிக்கிழமை நான் செய்துவைத்த காரியத்தால், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

எல்லாம் முடிந்தபின், சோதித்துப் பார்க்கச் சில பெயர்கள் வேண்டும் என்று கணக்குப்பிள்ளை ஐயாவிடம் கேட்டேன். நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் இருபத்தைந்து பெயர்களை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். ஸ்ரீதேவியில் தொடங்கி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தோம்; கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே விடை. கடைசி இரண்டு வரிகளில் கௌரி என்று ஒன்றும் கவுரி என்று ஒன்றும் இருந்தன. இவற்றுக்கும் சல்லடையில் ஒரு கண் வைத்துவிடலாம், சௌந்தரம் சவுந்தரம் எல்லாம் சேர்ந்துவிடும் என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தபடி, "அதை மட்டும் சேத்துடாத தம்பி" என்றார். கௌரி கொண்டலாம்பட்டி, கவுரி சிவதாபுரம். இரண்டு பேருக்கும் ஒரே தலைப்பெழுத்து, இரண்டு பேர் வீட்டிலும் கொலுசுப் பட்டறை. குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே இத்தனை வருஷமாக ஒருத்தியைக் கௌ போட்டும் இன்னொருத்தியைக் கவு போட்டும் எழுதிவருகிறாராம்.

அந்த விதியைச் சல்லடையில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.