பாறை மீனின் கழுத்தும் முண்டு மிளகாயும்

சாயல்குடியைத் தாண்டியதும் சாலையோரம் சிவந்து கிடந்தது. மார்ச் மாதம், முண்டு மிளகாய் காய்கிற பருவம். வண்டியை ஓரங்கட்டி ஒரு பெரியவரிடம் அரைக் கிலோ வாங்கினேன். நீட்டு மிளகாய் மாதிரி இல்லை. உருண்டையாக, தோல் தடித்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கிறது. “இத வறுத்தா வர்ற வாசம் நீட்டு மிளகாயில வராது தம்பி” என்றார். மழையை நம்பி இந்த மானாவாரி மண்ணில் விளைகிற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது.

அதே சாலையில் கரிமூட்டமும் போட்டிருந்தார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணால் பூசி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். நாள்கணக்கில் புகைந்து புகைந்து விறகு கரியாகும். ஒரு பை கரி வாங்கிக்கொண்டேன். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பும் சேர்ந்தது. சுடுவதற்கு மீன் மட்டும்தான் பாக்கி.

அது பாம்பனில் கிடைத்தது. காலையில் ஏலம் முடிந்து, ஆறு கிலோவுக்குக் குறையாத பாறை மீன்களை ஒரு அக்கா அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டிருந்தார். நடுத்துண்டு ஒரு கூடைக்கு, தலை ஒரு கூடைக்கு. தலையோடு ஒட்டிக்கொண்டு, செவுளுக்குப் பின்னால் பக்கத் துடுப்பு முளைத்திருக்கிற கழுத்துப் பகுதியையும் மெல்லிய வயிற்றுத் துண்டுகளையும் தனியாகக் கேட்டேன்.

“நடுத்துண்டு ஓட்டலுக்குப் போயிரும். தலையக் கொழம்புக்கு வாங்குவாக. இத யாரு தம்பி தனியாக் கேக்குறா? முள்ளுதான நெறைய” என்றார். ஆனாலும் மூன்று மீனின் கழுத்தையும் பக்குவமாக வெட்டி, செவுளைத் துளி மிச்சமில்லாமல் பிடுங்கி, வயிற்றின் உள்பக்கக் கறுப்புச் சவ்வைச் சுரண்டிக் கொடுத்தார். அந்தச் சவ்வும் செவுளும் இருந்தால் கசப்பும் ரத்த வாடையும் போகாது.

மீன் நீந்தும்போது ஓயாமல் அசைகிற இடம் துடுப்பின் அடி. அங்கே சதை திரண்டு, கொழுப்பும் கூடுதலாக இருக்கும். வளைந்த எலும்பு ஒரு கிண்ணம் போல அந்தச் சதையைத் தாங்குவதால், தீயில் எளிதில் வறளாது. ஜப்பானில் இதே துண்டை ‘காமா’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாண்டோஸ் நகரத்தில் சூரை மீனின் தாடையைச் சுட்டு ‘பங்கா’ என்று விற்கிறார்கள். நம்மிடம் இது தலையோடு சேர்ந்து குழம்புக்குப் போய்விடுகிறது. குழம்பு ருசிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொழுப்பு புளித்தண்ணியில் கரைந்துவிடுகிறதே என்றுதான் என் ஆதங்கம்.

மாலையில், வடக்குக் கடற்கரையில் நாட்டுப்படகு வைத்திருக்கும் அண்ணன் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். நான் அவசரப்பட்டுவிட்டேன். கரியில் இன்னும் சுவாலை நின்றது. மசாலா தடவிய பக்கத்தைக் கீழே வைத்ததும் மிளகாய் கருகி, முதல் துண்டு முழுக்கக் கசந்தது. அண்ணன் கம்பி வலையை எடுத்துக் கீழே வைத்தார்.

“படகுல நல்ல மீனெல்லாம் ஏலத்துக்கு. எங்களுக்கு இந்தக் கழுத்தும் வயிறுந்தான். சின்னப் பிள்ளையில இருந்து சுடுறேன் தம்பி, கொஞ்சம் பொறு” என்றார்.

அதன் பிறகு எல்லாம் அவர் கைதான். ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு முண்டு மிளகாய், ஒரு கரண்டி மிளகு, அரைக் கரண்டி சீரகம். மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்து, எட்டுப் பல் பூண்டும் கொஞ்சம் மஞ்சளும் வைத்து அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டினார். தண்ணீர் விடவே இல்லை, நல்லெண்ணெய் இரண்டு கரண்டி மட்டும். மீனுக்கு முதலில் கல்லுப்பைப் பொடித்துத் தேய்த்துக் கால் மணி நேரம் வைத்தார். கசிந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் மசாலா. துடுப்பு மூட்டின் இடுக்கில் விரலை விட்டு விட்டு அழுத்தினார். எலுமிச்சையைக் கடைசிக்கு ஒதுக்கினார். முன்னாலேயே பிழிந்தால் சதை வெளுத்து மாவாகிவிடுமாம்.

கரி மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்தது. உள்ளங்கையை மேலே பிடித்து ஆறு எண்ணும் வரை சூடு பொறுத்தால் சரியான தணல் என்றார். தோல் பக்கம் கீழே, பத்துப் பன்னிரண்டு நிமிடம். தோல் மொறுமொறுவென்று சுருங்க, மேலே மசாலா கொழுப்பில் குமிழியிட்டது. கொழுப்பு சொட்டச் சொட்டக் கரி சீறியது. பிறகு புரட்டி மூன்றே நிமிடம். மெல்லிய வயிற்றுத் துண்டுகளுக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்கவில்லை. ஓரம் அப்பளம் போல நொறுங்கியது.

வாழையிலையில் போட்டு எலுமிச்சை பிழிந்தார்கள். நான் வெளிச்சதையைத் தின்றுவிட்டு எலும்பை ஒதுக்கியபோது அண்ணனின் பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். துடுப்பைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். எலும்பு இரண்டாகப் பிரிந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக்கு, மசாலாவே படாத வெள்ளைச் சதை, ஆவி பறக்க இருந்தது. அதை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, “துடுப்பு எனக்கு” என்று வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.