காற்றடைத்த படகும் டெல்டா வெயிலும்
முத்துப்பேட்டை உப்பங்கழியில் ஓட்டுவதற்குக் காற்றடைத்த படகு வாங்குவோர், விலை கூடினாலும் பி.வி.சி.யைத் தவிர்த்து ஹைப்பலான் என்னும் செயற்கை ரப்பர் பூசிய துணியாலானதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். ஆண்டு முழுதும் காயும் நம் வெயிலைத் தாங்குவது அதுவே. ஆழம் குறைந்த அந்நீருக்குக் குட்டைத் தண்டுடைய சிறு மோட்டார் போதும்.

உப்புநீரில் ஓடிய மோட்டாரை, நல்ல தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் நிறுத்திச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காதபடி வடித்து, நிமிர்த்தியே வைக்க வேண்டும். படகை மடிக்குமுன், தரைப்பலகைக்கும் பக்கக் குழாய்க்கும் இடையில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே ஒளிந்திருக்கும் சிப்பித் துணுக்கும் மணலும்தான் துணியை மெல்ல அறுக்கின்றன. நன்கு உலர்ந்தபின் தளர்வாக மடித்து, நிழலில் வையுங்கள். நெல் மூட்டை அடுக்கிய அறை மட்டும் வேண்டாம். அங்கு வரும் எலி, மடிப்புகளையும் கடித்துவிடும்.