தள்ளுவண்டியில் எட்டுக் குடம்

அரசு வேலையில் இருப்பவர்களை மிரட்ட ஒரு சொல் உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காடு என்றதும் பலருக்கும் மனசில் வருவது ராமநாதபுரம். நான் அங்கே போனது மாற்றலில் அல்ல. கிராமங்களுக்குக் குடிநீர் எந்த அளவுக்கு எட்டுகிறது என்று மதிப்பிடும் கள ஆய்வுக் குழுவில் சேர்ந்து, முதுகுளத்தூர், கடலாடி, கமுதிப் பக்கம் ஒரு கோடையும் அதையடுத்த மழைக்காலமும் சுற்றினேன்.

படிவத்தின் முதல் கேள்வி: "ஊரில் குடிநீர் ஆதாரம் உண்டா?" போன ஊரில் எல்லாம் அடிபம்பு இருந்தது, மேல்நிலைத் தொட்டி இருந்தது, தெருக்குழாயும் இருந்தது. "உண்டு" என்று டிக் அடித்துக்கொண்டே வந்தோம். முதல் வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்று வந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க ரோட்டில் தள்ளுவண்டிகளைத் தாண்டித்தான் ஜீப்பில் போனோம்.

அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டம், கீழே சின்னச் சக்கரங்கள், மேலே குடம் உட்காருவதற்கு வளையம் வளையமாக வெல்டிங். உள்ளூர்ப் பட்டறையில் செய்வது. ஆறு குடம் பிடிக்கும், பெரியதென்றால் எட்டு. தள்ளுவது பெரும்பாலும் பெண்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளைகளும் கூடவே தள்ளிக்கொண்டு வருவார்கள்.

கடலாடிப் பக்கம் ஓர் ஊரில் அடிபம்புத் தண்ணீரைப் பிடித்து, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தேன். 3,400 காட்டியது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பு இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிலை. பக்கத்தில் நின்ற அப்பத்தா ஒருவர் என்னை நிறுத்தினார். "அது பாத்திரம் கழுவுறதுக்குத் தாயி. இதுல பருப்பு போட்டா நாளைக்குத்தான் வேகும்." வீட்டுக்குள் போய்ச் செம்பில் ஊருணித் தண்ணீர் கொண்டுவந்தார். 420. அவரே ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் இருபது நாள்ல இதுவும் கடுத்துப்போகும்" என்றார். வாராவாரம் அதே ஊருணியில் அளந்தேன். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட மீட்டர் ஏறிக்கொண்டே போனது. அவர் நாக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

ஆழமாகப் போர் போட்டால் நல்ல தண்ணீர் வராதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலோரத்தில் அது நேர்மாறு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே ஊருணியை அகலமாகவும் அதிக ஆழமில்லாமலும் வெட்டினார்கள். ஆழத்திலிருந்து மோட்டாரை வைத்து இழுத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். ஒருமுறை அப்படி ஏறிவிட்டால் அந்தக் கிணறு பழையபடி ஆக வருஷக்கணக்கில் ஆகும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் மதிப்பீட்டில், ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய நீரில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் "பாதுகாப்பானது", 100 சதவீதத்தைத் தாண்டினால் "அதிநுகர்வு" என்று பிரிப்பார்கள். மிகவும் உவரான குறுவட்டங்களை (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) மட்டும் தனியாகக் காட்டுவார்கள். நாங்கள் சுற்றிய இடங்களில் பலவும் "பாதுகாப்பானது" கணக்கில்தான் இருந்தன. மேலிடத்தில் வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு அங்கே தண்ணீர் மிச்சமிருப்பது போலத் தெரியும். உண்மையில் உப்புக் கரிப்பதால்தான் யாரும் எடுப்பதில்லை. கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்காகப் போட்ட கணக்கு அது. யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு அதை எடுத்துக்காட்டும்போதுதான் தப்பாகிறது.

சரி, எதை அளப்பது? வண்டியின் பின்னாலேயே நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அந்த அப்பத்தாவின் மருமகளோடு நான் போனேன். ஊருணி ஒன்றே முக்கால் கிலோமீட்டர். போக 25 நிமிடம், வரிசையில் நின்று மொண்டு ஊற்ற 50, பாரத்தோடு திரும்ப 35. ஆக 1 மணி 50 நிமிடம். வண்டியில் எட்டுக் குடம், குடத்துக்குச் சுமார் 15 லிட்டர், மொத்தம் 120. வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு 24 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55. அதை எட்ட மூன்று நடை வேண்டும். அந்தப் பெண் ஒரு நடையோடு நிறுத்திக்கொள்வார், ஏனென்றால் அதற்கப்புறம் கூலி வேலைக்குப் போக வேண்டும்.

திருச்சிப் பக்கமிருந்து வரும் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த மாவட்டத்துக்குப் பெரிய ஆறுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் ஊருக்கு அழுத்தம் குறைந்து, முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். குழாய் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை குடம் என்று கேட்க ஆரம்பித்தோம். படிவத்தில் புதிதாக நான்கு கட்டங்கள் சேர்த்தோம்: தூரம், நிமிடம், குடம், உப்பு. மேலிடத்தில் "நிமிடத்தையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?" என்று கேட்டார்கள். கூட நடந்துதான் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

நவம்பரில் மறுபடி போனேன். மாவட்டத்தின் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் விழும். அதைப் பிடிக்கத் தவறினால் அடுத்த ஐப்பசிவரை வழியில்லை. ஊருணிக்கு வரும் வரத்துக்காலைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்ததை, ஊரில் வீட்டுக்கு வரி போட்டு வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய வேர்கள் கரையில் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் மூன்றாவது படிவரை ஏறி, செம்மண் நிறத்தில் நின்றது.

அப்பத்தா படியில் உட்கார்ந்திருந்தார். "வை தாயி உன் மிசினை" என்றார். 110. சொன்னதும் சிரித்துவிட்டு, "இப்ப எழுதாத. மாசியில வா, பங்குனியில வா, அப்ப எழுது" என்றார்.

110 என்று எழுதிக்கொண்டேன். அதன் கீழே மாசிக்கு ஒரு கட்டம், பங்குனிக்கு ஒரு கட்டம் கோடு போட்டுக் காலியாக விட்டு, மீட்டரைக் கழுவிப் பையில் வைத்தேன்.