இலைக்கோழிக்கு வால் முளைக்கும் நாட்கள்

பிப்ரவரி 27

ஊசுட்டேரி. நீலச்சிறகி வாத்துகள் இன்னும் கிளம்பவில்லை, கரைக்கு எட்டாத தூரத்தில் கூட்டமாக மிதந்தன. பிரசவத்துக்காகக் கடலூரில் அம்மா வீட்டில் படுத்திருக்கிற மனைவியிடம் போனில் "நிறைய இருக்கு" என்றேன். "நிறையன்னு ஒரு நம்பர் இருக்கா? பத்துப் பத்தா எண்ணுங்க" என்றாள். எண்ணிச் சொன்னேன். நானூறுக்கு மேல். படுத்தபடியே, பறவைக் கணக்குப் பதிகிற ஈபேர்டில் ஏற்றிவிட்டாள். பேசி முடிக்கும்வரை வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மார்ச் 2

நச்சுக்கொடி இன்னும் கீழேதான் இருக்கிறதாம்.

மார்ச் 5

இலைக்கோழிக்கு வால் வரவில்லை. பத்துக்கண்ணு பக்கம் ஆம்பல் இலைகளின் மேல் மூன்று நின்றன, மூன்றும் மொட்டை. பேர் என்னவோ நீளவால் இலைக்கோழி, ஆனால் குளிர்காலம் முழுக்க அந்த வால் இருக்காது. வெயில் ஏற ஏறத்தான் முளைக்கும். போன வருஷம் இரண்டு பேருமாக வந்தபோது பாதிதான் வளர்ந்திருந்தது. மிச்சத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்றைக்குச் சொன்னவள், இன்றைக்குப் போனை எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள். மாத்திரை போட்டாயா என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

மார்ச் 8

கருப்பை வாய்க்கும் நச்சுக்கொடிக்கும் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர். இரண்டு வேண்டுமாம்.

மார்ச் 12

மாசி மகம், லீவு. கடலூருக்கு பைக்கில் கிளம்பினேன். ரோட்டில் கூட்டம் சேருமுன் கன்னியக்கோயிலில் திரும்பி பாகூர் ஏரியில் கொஞ்ச நேரம். தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் ஒரு நத்தைக்குத்தி நாரை. இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நத்தையை அது உடைப்பதில்லை. தண்ணீருக்கடியில் ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டு, தசையை அறுத்து, சதையை முழுசாக உருவி எடுக்கிறது. காலி ஓடு அங்கேயே கிடக்கிறது. மொத்தமும் வீடியோவில் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் கேமராத் திரையிலேயே ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாரைக்குப் பின்னால் கோரைக்குள் ஒரு மஞ்சள் குருகு நின்றிருக்கிறது. கழுத்தை மேலே நீட்டி, கோரையோடு கோரையாக. எடுத்தவன் நான், பார்த்தவள் அவள். அவள் கண்ணே கண்.

கால் இரண்டும் வீங்கியிருந்தன. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அத்தை மட்டும், "வெயில்ல சுத்தாதீங்க மாப்பிள்ளை, அவளுக்குக் கவலையா இருக்கு" என்றார்.

மார்ச் 16

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஊசுட்டேரிக்குப் பெரிய லென்ஸோடு நான்கு பேர் வந்திருந்தார்கள். கூழைக்கடா இறக்கை விரிக்கிற படம் வேண்டுமாம், ஒருவன் கல்லை எடுத்து வீசினான். கூழைக்கடா எழும்ப, நாமக்கோழி எழும்ப, தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பியது. ஏரியின் புதுச்சேரிப் பக்கம் 2008-லிருந்து சரணாலயம் என்று சொன்னேன். "ஒரு கல்லுதானே சார்" என்றார்கள்.

ஒரு கல் இல்லை அது. சைபீரியா வரைக்கும் போகவேண்டிய வாத்துக்கு இந்த வாரங்களில் தின்பதும் தூங்குவதும்தான் வேலை. உடம்பில் சேர்க்கிற கொழுப்புதான் அதற்கு வழிச்செலவு. ஒவ்வொரு தடவை துரத்தும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. படம் என்ன, வாலாட்டிக்கொண்டு தானாகப் பறக்கிற நேரம் வராமலா போகும்? காத்திருக்க முடியாதவன் எதற்கு ஏரிக்கு வருகிறான்?

ஓய்வு என்றால் ஓய்வு. படுத்திருக்க வேண்டியவளைப் படுத்திருக்க விடவேண்டும். அங்கே பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் குறைந்தபாடில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து உட்காருகிறாள். மச்சானிடம் சொல்ல வேண்டும். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

மார்ச் 17

மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 21

ஏரிக்குப் போகவில்லை. ராத்திரி மறுபடியும் கொஞ்சம் ரத்தம் பட்டதாம். காலையில் நின்றுவிட்டது என்கிறாள். போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் 24

அவள் குரலில் இன்றைக்குத்தான் பழைய தெம்பு. விடியற்காலையில் கொல்லையில் ஆறுமணிக்குருவி கூப்பிட்டதாம். ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும். எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தாள். போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள்: இரண்டே சுரத்தில் அந்த விசில், அப்புறம் பால்காரர் மணி, அப்புறம் மறுபடி விசில். இத்தனை மாதம் மாமரத்தடிச் சருகைக் கிளறிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கும். இனி வடக்கே போகிற நேரம். நான் ஏரி ஏரியாகச் சுற்றியும் இந்த சீசனில் எனக்கு ஒன்று சிக்கவில்லை. லிஸ்ட்டில் அவள் பேரில் ஏற்றச் சொன்னேன்.

மார்ச் 26

நீலச்சிறகி ஒன்றுகூட இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் போயிருக்கும்.

மார்ச் 30

ஒன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர்.

ஏப்ரல் 3

வந்துவிட்டது. முழு வால்.

ஐந்தே முக்காலுக்கே கரையில் இருந்தேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி மேற்கே பார்த்து உட்கார்ந்தாயிற்று. ஏழு மணி தாண்டினால் வெள்ளை வெளுத்துப்போகும், அதனால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். முதலில் சத்தம்தான், பூனைக்குட்டி மூக்கால் அழுகிற மாதிரி. அப்புறம் இலைகளுக்கு நடுவிலிருந்து நடந்தே வந்தது. முகம் சுத்த வெள்ளை. பிடரியில் பொன்மஞ்சள், அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு. குளிர்காலத்தில் வெள்ளையாக இருந்த வயிறு இப்போது கரும்பழுப்பு. வால் கறுப்பாக, கீழ்நோக்கி வளைந்து, நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும். ஒவ்வோர் அடிக்கும் அந்த நீள விரல்களை மடக்கி எடுத்து, அடுத்த இலையில் விரித்து வைக்கிறது. இலை அழுந்துகிறது, ஓரத்தில் தண்ணீர் ஏறுகிறது, முழுகவில்லை.

படம் எடுத்ததைவிடப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து அங்கிருந்தே அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. நீலமாவதற்குள் உயிர் போய்விட்டது. பிறகு அவளே கூப்பிட்டாள். சிறிது நேரம் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். அப்புறம், "இதுல ஆண்தான் அடைகாக்கும், தெரியுமில்ல? பெட்டை முட்டை போட்டுட்டுப் போயிடும். குஞ்சு வளர்க்கிறதும் அவர்தான்" என்றாள். தெரியும் என்றேன். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தாள். அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாள் முழுக்க அந்த அரை வாக்கியம்தான்.

ஏப்ரல் 6

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். ஒரு நாள் தள்ளினால் உத்திரம், நல்ல நாள் என்று அத்தை கேட்டுப் பார்த்தார். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு டாக்டர் சொல்வதுதான் சரி.

ஏப்ரல் 8

ரத்தம் தயாராக இருக்கட்டும் என்கிறார்கள். ஓ நெகட்டிவ். சொந்தத்தில் யாருக்கும் அந்த வகை இல்லை. பறவை பார்க்கிறவர்கள் குழுவில் ராத்திரி பத்து மணிக்குப் போட்டேன். ஆந்தை எங்கே, பஞ்சுருட்டான் பொந்து எங்கே என்பதைத் தவிர வேறெதுவும் அங்கே நான் பேசியதில்லை. பத்தரைக்குள் இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர் பாகூர்தான், பைக்கில் வந்துவிடுவார். "அக்காதானே நம்ம லிஸ்ட்டெல்லாம் சரி பார்த்துக் குடுப்பாங்க" என்றார். இன்னொருவர் விழுப்புரத்திலிருந்து வரவேண்டும். அங்கிருந்து கடலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மச்சானிடம் கேட்க வேண்டும், இல்லையென்றால் நானே பைக்கில் போய்