முயலில் ஆன்டிசீரம் தயாரித்த அனுபவம்

வெள்ளரித் தேமல் வைரஸை அடையாளம் காண முயலில் ஆன்டிசீரம், அதாவது அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ள ரத்தச் சீரம், தயாரித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிய காகித அலைச்சலைச் சொல்லி அலுப்பூட்டப் போவதில்லை. உண்மையில் பாதி உயிரை எடுத்தது வைரஸைச் சுத்தம் செய்ததுதான்.

வைரஸைப் புகையிலைச் செடியில் பெருக்கினேன். இலையை அரைத்தால் கூடவே செடியின் புரதங்களும் வந்துவிடும், முக்கியமாக ரூபிஸ்கோ. அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் முயல் அதற்கும் எதிர்ப்பொருள் செய்யும். அப்புறம், எதிர்ப்பொருள் ஒட்டினால் நிறம் காட்டும் எலிசா சோதனைத் தட்டில் நோயே இல்லாத செடியின் சாறும் நிறம் காட்டும். அதனால் சுக்ரோஸ் அடர்த்தி அடுக்குகளின் மேல் விட்டு அதிவேகத்தில் சுழற்றினேன். கீழிருந்து விளக்கடித்துப் பார்த்தபோது குழாயில் லேசாக நீலம் பாய்ந்த ஒரு வெண்பட்டை. அதை மட்டும் உறிஞ்சி எடுத்தேன். 260, 280 நானோமீட்டரில் அளந்த ஒளி உறிஞ்சல் விகிதம், சுத்தமான இந்த வைரஸுக்கு உரிய 1.7ஐ ஒட்டி வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இந்த வைரஸின் துகள் சீக்கிரம் குலைந்துவிடும், முயலின் உடலும் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டு எதிர்ப்பொருள் செய்யாது. ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, மிச்ச ரசாயனத்தை டயாலிசிஸ் செய்து நீக்கியபின்தான் ஊசிக்குப் போனேன்.

முதல் ஊசிக்கு முன்பே முயலிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லையென்றால் எந்த முடிவையும் நம்ப முடியாது. முதல் தவணைக்கு வைரஸோடு கலந்தது ஃபிராய்ண்ட் முழு அட்ஜுவன்ட், உடலின் எதிர்ப்பைத் தூண்டிவிடும் எண்ணெய். அதில் கொல்லப்பட்ட மைக்கோபாக்டீரியா இருப்பதால் திரும்பப் போட்டால் புண் வரும்; அடுத்த தவணைகளுக்கு அது இல்லாத வகைதான். எண்ணெயும் வைரஸ் கரைசலும் சரியாகக் கலந்ததா என்று பார்க்க, ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவேன். பரவாமல் திரண்டு நின்றால் சரி.

சில வாரங்கள் கழித்துக் காதோர ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்தேன். காதை வெதுவெதுப்பாக்கினால் குழாய் புடைத்து நிற்கும், முயலும் அதிகம் திமிறாது. ரத்தத்தை உறையவிட்டு, இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்து, சுழற்றிச் சீரத்தைப் பிரித்தேன்.

அத்தனை சுத்தம் செய்தும் ஆரோக்கியமான செடியின் சாற்றோடு மெல்லிய நிறம் தெரியத்தான் செய்தது. எனவே அதே சாற்றைச் சீரத்தில் கலந்து, செடிப் புரதத்துக்கான எதிர்ப்பொருள்கள் அதோடு ஒட்டிப் படிந்ததைச் சுழற்றி நீக்கினேன். அடுத்த எலிசாவில் ஆரோக்கியச் சாற்றுக் குழிகள் வெளுத்துக் கிடந்தன, நோயுற்ற சாறு பளிச்சென்று மஞ்சளானது. சீரத்தைச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 20ல் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வீரியம் போய்விடும்.