மூடிய பிடிக்குள் தங்கும் ஈரம்

சென்ற ஜூலை மாதக் கடைசியில், இலங்கை மலையகத்து வட்டவளையில் இருக்கும் நண்பர் ஒருவர் தமது மடக்குக் கத்தியை என்னிடம் கொண்டுவந்தார். விரிக்கும்போது உள்ளே மணல் அரைபடுவதுபோல் இருக்கிறதென்றும், விரிந்த அலகை மடியாமல் நிறுத்தும் பூட்டு முன்போல் இறுகி விழுவதில்லை என்றும் சொன்னார். அலகில் ஒரு புள்ளித் துருவும் இல்லை. தினமும் இரவில் அதைத் துணியால் துடைத்து, மடக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொள்பவர் அவர். திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகடுகளைப் பிரித்தபோது, அலகு சுழலும் அச்சான சுழலச்சைச் சுற்றிச் செம்மண் குழம்பு காய்ந்த மாதிரித் துரு அப்பியிருந்தது. விரிந்த அலகு வந்து முட்டி நிற்கும் சிறிய உருக்குக் கம்பி, ஒரு பக்கம் குழி குழியாக அரித்துப் போயிருந்தது. நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. அந்த மழைக்குக் கத்தியின் வெளிப்புறம் தப்பிவிட்டது, உட்புறம் தப்பவில்லை.

மடக்குக் கத்திகளில் ஆர்வமுள்ளவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் அலகின் உருக்கைப் பற்றியே இருக்கும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசி வந்தேன். ஆனால் வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாதி வரை விடாமல் தூறும் இந்தப் பக்கத்தில், ஒரு மடக்குக் கத்தியை வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அதன் பிடிக்குள் நுழைந்த ஈரம் எந்த வழியாக வெளியேறும் என்பதே என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

என் அப்பா டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். மேல்மலைத் தேயிலையை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். மழுங்கிய கத்தியால் வெட்டினால் கிளை பிளந்து, பிளவில் தண்ணீர் நின்று, செடி உள்ளுக்குள் உளுத்துப் போகும். ஆகவே கத்தி தீட்டுவது அந்த வேலையின் பாதி என்றே சொல்லலாம். சிறுவனாக இருந்த நான் அவருடைய தீட்டுக்கல்லில் கத்தியை வைத்துப் பரபரவென்று உரசியபோது, “கத்திய கல்லுல தேய்க்காதடா, நடத்து” என்று சொல்லி, என் கையைப் பிடித்து மெதுவாக நகர்த்திக் காட்டினார். வேலை முடிந்து வந்ததும் கத்தியைக் கழுவி, துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்து, அடுப்புக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டிவிடுவார். அந்தக் கத்தியில் கண்ணுக்குத் தெரியாத இடம் என்று எதுவும் இல்லை. மடக்குக் கத்தியோ தன் ஈரத்தைத் தானே பொத்தி வைத்துக்கொள்கிறது. அப்பாவின் ஒழுங்கை மடக்குக் கத்திக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை உணர எனக்கு வெகு காலம் பிடித்தது.

உருக்கைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். துருவைத் தடுப்பது குரோமியம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மொத்தக் குரோமியத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். காபனோடு சேர்ந்து காபைட்டாக மாறிவிட்ட குரோமியம் தேய்மானத்தைத் தாங்க உதவுமே தவிர, துருவைத் தடுக்க உதவாது. உருக்கில் கரைந்து நிற்கும் குரோமியமே மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. டி2 என்னும் உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம் இருந்தும், காபன் 1.5 சதவீதமாக இருப்பதால் அதில் பெரும் பங்கு காபைட்டாகக் கட்டுண்டு போகிறது. மழைக்காலத்தில் இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் டி2 அலகில் புள்ளி விழுந்துவிடும். உலோகவியலாளர் லாரின் தோமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மக்னாகட் உருக்கில் குரோமியம் 10.7 சதவீதம்தான். ஆனால் அதன் காபைட்டுகள் வனேடியத்தாலும் நியோபியத்தாலும் ஆனவையாக இருக்கும்படி கலவை அமைக்கப்பட்டிருப்பதால், அந்தக் குரோமியம் கரைந்த நிலையிலேயே நின்று துருவைத் தடுக்கிறது. 12 துருப்பிடிக்க, 10.7 துருப்பிடிக்காமல் நிற்பதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

மக்னாகட் விலை கூடியது. எங்கள் பக்கத்தவர் கேட்டால் நான் சொல்வது சுவீடனின் 14சி28என். காபன் 0.62 சதவீதமும் குரோமியம் 14 சதவீதமும், அதனோடு சிறிதளவு நைதரசனும் சேர்ந்த அந்த உருக்கு மழையையும் தாங்கும், சாதாரணக் கல்லிலும் படியும். எஸ்30வி போன்ற உருக்குகளில் வனேடியம் 4 சதவீதம் இருப்பதால் கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் வனேடியம் காபைட்டு சாதாரண அலுமினியம் ஒட்சைட்டுக் கல்லைவிட வன்மையானது. வைரத் துகள் பதித்த தகடு இல்லாதவர் அதை வாங்கினால், முதற் கூர் போன பின் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொல்லியும், நான் அன்றாடம் பயன்படுத்துவது துருப்பிடிக்கும் காபன் உருக்குக் கத்தியைத்தான். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய அந்த எளிய மரப்பிடிக் கத்தி, என் உறவினர் ஒருவரின் பயணப் பெட்டியில் எனக்கு வந்து சேர்ந்தது. நம் தேத்தண்ணிக்கும் அதற்கும் ஓர் உறவு இருக்கிறது. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் இரும்போடு சேர்ந்து கருநீல நிறமான சேர்மத்தை உண்டாக்கும். பழைய காலத்து எழுத்து மையின் கருமையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அப்பாவின் கவ்வாத்துக் கத்தி எப்போதும் கறுத்தே இருந்ததற்கும், வெட்டிய தேயிலைக் கிளைகளின் சாறு பட்டுப் பட்டு ஏறிய இந்தக் கருமையே காரணம். ஒப்பினெல் அலகைச் சவர்க்காரமிட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கி, டஸ்ட் தேயிலைத் தூளைக் கடுமையாகக் கொதிக்கவைத்து ஆறவிட்ட சாயத்தில் சில துளி வினாகிரி விட்டு, அலகை மட்டும் சில மணி நேரம் தொங்கவிட்டேன். சீரான கறுப்பு ஏறியது. இந்தக் கருமை சிவப்புத் துருவைத் தாமதப்படுத்தும், முற்றாக நிறுத்தாது. நிறுத்தும் என்று நம்பி விட்டுவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

இடையில் ஒன்றைச் சொல்ல ஆசை. நம் மலைகளின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்கு அருகில் உள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் காற்றால் இயங்கிய பழைய இரும்புலைகளை அகழ்வாய்வாளர் கில் ஜுலெப் கண்டறிந்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை, துருத்தி இல்லாமல் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு அங்கே உயர் காபன் உருக்கு செய்திருக்கிறார்கள். நம் கத்திகளைத் துருவேற்றும் மழையைக் கொண்டுவருகிற அதே காற்றுத்தான்.

பூட்டுக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், லீக்ஸ் கட்டுகளின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது என் கத்தியின் பூட்டு நழுவி, அலகு மடிந்து ஆட்காட்டி விரலில் விழுந்தது. நான்கு தையல் போட வேண்டியிருந்தது. அது உட்தகட்டுப் பூட்டு: பிடியின் உள்ளே உள்ள மெல்லிய தகட்டின் ஒரு பகுதி வில்லாக வளைந்து, அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நின்று தாங்கும். அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வோக்கர் 1980களில் சீர்படுத்திய அமைப்பு அது. அமைப்பில் குறையில்லை. தோட்டத்து ஈரமண் உள்ளே போய்க் காய்ந்து, தகடு முழுதாக நகர்ந்து வர முடியாதபடி கெட்டியாகிவிட்டிருந்தது. நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நின்ற பூட்டை முழுப் பூட்டு என்று நம்பியது என் பிழை. அன்றிலிருந்து, வேலை தொடங்குமுன் அலகை விரித்து, கூரான வாய்ப்பக்கம் விரல் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெல்ல அழுத்திப் பார்க்காமல் எந்தக் கத்தியையும் பயன்படுத்துவதில்லை.

1964இல் அமெரிக்காவின் பக் கத்தி நிறுவனம் தன் 110ஆம் இலக்கக் கத்தியால் பரவலாக்கிய, பிடியின் முதுகை அழுத்தித் திறக்கும் முதுகுப் பூட்டு வலிமையானது. எனினும் முதுகில் உள்ள பள்ளத்தில் நூலும் மண்ணும் சேரும். பிடி ஆணியடித்து மூடப்பட்டிருந்தால் உள்ளே துடைக்கவும் வழியில்லை. எங்கள் ஈரத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒப்பினெலின் வளையப் பூட்டு 1955இல் மார்செல் ஒப்பினெல் அமைத்தது. சுழற்றினால் பூட்டும், திருப்பினால் திறக்கும். பழுதாக அதில் எதுவுமில்லை. அதன் குறை மரத்தில் இருக்கிறது. பீச் மரப் பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். ஜூன் மாதத்தில் நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் பின் நுனியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முனை வெளியே எழும்பும். சவோய்க்காரர்களும் இப்படித்தான் செய்வார்கள். நிழலில் நன்றாகக் காயவைத்து, அலகு படுக்கும் பள்ளத்தின் உட்சுவரில் உருகிய மெழுகுவர்த்தியை ஊற விட்டால் அடுத்த மழை வரை தாங்கும். அடுப்பின் மேலே வைத்து விரைவாகக் காயவைக்கக் கூடாது, பிடி வெடித்துவிடும்.

தீட்டுவதில் அப்பா சொன்ன அந்த ஒரு சொல்லை விட நான் பெரிதாகக் கற்றுவிடவில்லை. அளவுகளை மட்டும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை போதும். பாகையைக் கண்ணால் மட்டிடுவதை விட அலகின் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்பது எளிது. 20 மில்லிமீற்றர் அகலமான அலகுக்கு, முதுகு 5 மில்லிமீற்றர் உயர்ந்தால் ஏறத்தாழ 15 பாகை, 7 மில்லிமீற்றர் உயர்ந்தால் 20 பாகை. வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவி, இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாயின் நுனி வரை அழிந்தால் சாய்வு சரி. மேற்புறம் மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். வாயின் விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிறு எழும்பும் வரை ஒரே பக்கத்தைத் தீட்ட வேண்டும். வாயின் அடிமுதல் முனைவரை எதிர்ப்பக்கத்தில் விரல் நுனிக்கு மெல்லிய சொரசொரப்புத் தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. அதற்கு முன் பக்கம் மாற்றுகிறவர்களே, எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை என்று கல்லைக் குறை சொல்லுகிறார்கள். துகள் நுண்மை 1000ஆம் இலக்கக் கல்லில் இரு பக்கமும் பிசிறு எழுப்பி, பிறகு பாரத்தைக் குறைத்துக் குறைத்து மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் பழைய தோல் இடுப்புப் பட்டியில் வாயைப் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிரும். கத்தரிக்காய்த் தோலோ தக்காளித் தோலோ அழுத்தாமல் அறுபட்டால் போதும். கை மயிரை மழிக்கும் கூர் கயிறு அறுப்பவருக்குத் தேவையில்லை.

நகரத்து மின்சாரச் சாணையில் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வாய் நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால், அங்கே வெப்பம் 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தின் வன்மை போய்விடும். எவ்வளவு தீட்டினாலும் மறுநாளே மழுங்கும்.

மடக்குக் கத்தியைத் தீட்டும்போதுதான் உள்ளே ஈரம் போகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீர்க்கல்லில் நனைந்த அலகின் வழியே, உருக்குத் துகள் கலந்த சேறு சுழலச்சுக்குள் வழிந்து இறங்குகிறது. சுழலச்சைச் சுற்றி இரண்டு சுற்று ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டிவிட்டே நான் தீட்டுகிறேன். வைரத் தகடு உள்ளவர்கள் தண்ணீரே இல்லாமல் தீட்டலாம்.

எண்ணெய் பற்றி ஒன்று. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உறைவது. நுவரெலியாவில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் அது விழாது. அதைச் சுழலச்சில் விட்டால் உள்ளே மெழுகாக இறுகி, நாளடைவில் காறி, தூசியைப் பிடித்துவைக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். பழம் நறுக்கும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் திரவப் பரபின் நல்லது. எண்ணெய் விடுமுன் உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் விட்ட எண்ணெய் அந்த ஈரத்தை மூடிக் காக்கும்.

நண்பரின் கத்திக்குத் திரும்புகிறேன். டி6, டி8 என்னும் இரு நட்சத்திர வடிவத் திருப்புளி முனைகளாலேயே அது முழுவதும் பிரிந்தது. துருவை நுண்ணிய மணல்தாளால் எடுத்தேன். சுழலச்சு தப்பித்துக்கொண்டது, முட்டுக் கம்பியின் குழிகள் ஆழமாக இருந்தமையால் அதை அரைச் சுற்றுத் திருப்பி, அரிக்காத பக்கத்தில் அலகு முட்டும்படி பொருத்தினேன். பூட்டு மறுபடியும் இறுகி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை கத்தியைக் கொடுத்தபோது, அந்த இரு முனைகளையும் ஒரு சிறிய பையில் போட்டு அதனோடு கொடுத்து, மழைக்காலம் முடியும் வரை மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்கவும், இரவில் மடக்காமல் பாதி விரித்தபடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் அடுப்பங்கரைப் பலகையில் வைக்கவும் சொன்னேன்.