ரைட்டர் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்

மலைக்கிராமப் பழங்குடிப் பெண்களைச் சட்டத் தன்னார்வலர்களாகப் பழக்கும்போது நாங்கள் முதலில் செய்த தவறு, பாடத்தைச் சட்டப்பிரிவுகளிலிருந்து தொடங்கியதுதான். குடும்ப வன்முறைச் சட்டம் 2005, சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ 2012, பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 என்று வக்கீல் பலகையில் எழுதுவார். சாயங்காலம் கேட்டால் ஆண்டுகள் நினைவில் இருக்கும். அடிபட்டு வந்தவளை எந்த மேசைக்கு அழைத்துப் போவது என்று தெரியாது. இப்போது காகிதத்திலிருந்து தொடங்குகிறோம். எந்த மேசையில் எந்தக் காகிதம் வாங்க வேண்டும், தரமாட்டேன் என்றால் அடுத்த மேசை எது என்பதுதான் பாடம்.

ஒரு குழுவுக்கு 12 முதல் 15 பேர் போதும். ஊருக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும்: எழுதப்படிக்கத் தெரிந்த இளையவர் ஒருவர், ஊரில் பேச்சு எடுபடும் மூத்தவர் ஒருவர். ராத்திரி ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டியிருக்காது. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டுப் பெண்ணைச் சேர்க்கச் சொல்லி நெருக்குவார்கள். சேர்த்தால் பஞ்சாயத்தில் நம் பேச்சைக் கேட்பார்கள், உண்மைதான். ஆனால் கவுண்டரின் பங்காளி கை வைத்த விவகாரம் அவளிடம் வரவே வராது. சூளைக்கும் காப்பித் தோட்டத்துக்கும் குடும்பத்தோடு கிளம்பும் மாதங்களில் வகுப்பு வைத்தால் பாதிப் பாய் காலியாகக் கிடக்கும்.

அதிகம் வருவது வீட்டுக்குள் நடக்கும் அடிதான். வருகிறவள் பெரும்பாலும் புருஷனை உள்ளே தள்ளச் சொல்வதில்லை, அடி நின்றால் போதும் என்கிறாள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு உத்தரவு அதற்குத்தான். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போய்ப் படிவம் 1-இல் சம்பவ அறிக்கை எழுத வைக்க வேண்டும். "கல்யாணம் பதிவு செய்யவில்லையே" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பதிவு தேவையில்லை, வழக்கப்படி நடந்த கல்யாணம் போதும், கல்யாணம் போன்ற உறவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இந்து திருமணச் சட்டம் பழங்குடிகளுக்கு இயல்பாகப் பொருந்தாது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது அந்தச் சட்டத்தின் கீழ் விவாகரத்து மனு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிவிடுவார்கள்.

பாதுகாப்பு உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போடும் மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். இழுக்கும். அதனால் முதல் மனுவிலேயே பிரிவு 23-இன்படி இடைக்கால உத்தரவும் கேட்டுவிட வேண்டும். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீலுக்குச் செலவில்லை, பெண்களுக்கும் பழங்குடிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத் தரும். தொலைபேசி எண் 15100.

ஸ்டேஷனில்தான் பயிற்சி முழுக்கச் சோதிக்கப்படும். மலைப்பெண்ணுக்குச் சீருடை மேல் உள்ள பயம் காரணமில்லாதது அல்ல. 1992 ஜூனில் வாச்சாத்தி என்ற மலைக்கிராமத்தில் 18 பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறைக்குத் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் அன்றைக்கு உயிரோடு இருந்த 215 வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டுப் "போலீஸ் உங்கள் நண்பன்" என்று வகுப்பெடுத்தால் அவர்களே சிரிப்பார்கள்.

அதனால் நடித்துப் பழக வைக்கிறோம். ஒருத்தி ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டராக உட்காருவாள். வந்தவள் தன் பேச்சில் சொல்வதை அவள் ஸ்டேஷன் தமிழில் சுருக்கி எழுதுவாள். "கெடுத்துட்டான்" என்பது "தகராறு செய்தார்" என்று மாறிவிடும். வழக்கு பலவீனமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கையெழுத்துக்கோ கைநாட்டுக்கோ முன்னால் "படிச்சுக் காட்டுங்க" என்று கேட்க வாய் பழக வேண்டும். இந்த ஒன்றுக்கே அரை நாள் செலவிடுகிறோம். பாலியல் குற்றமானால் பெண் அலுவலர்தான் எழுத வேண்டும்.

புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். எங்கள் எல்லை இல்லை என்றாலும் பதிய வேண்டும். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். அடித்தவன் பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லை என்றால் வன்கொடுமைச் சட்டமும் சேரும். அதற்கு முன்விசாரணை தேவையில்லை, பிரிவு 18ஏ. விசாரிப்பவர் டி.எஸ்.பி.க்குக் குறையாதவராக இருக்க வேண்டும். இங்கே இடறுவது எஸ்.டி. சான்று. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தரவேண்டிய அந்தக் காகிதம் பல வீடுகளில் கிடையாது, இருளர் குடும்பங்களில் சொல்லவே வேண்டாம். அப்பா, அண்ணன், தம்பி எவர் பெயரிலாவது இருந்தால் நகலை இணைத்துவிட்டு அன்றைக்கே இவளுக்கும் விண்ணப்பம் போட வேண்டும். நிவாரணத் தொகை கேட்கும் நேரத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், துணி துவைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. துணியைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரம் என்று கணக்கு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வைத்தியம் பார்க்கமாட்டோம் என்று சொல்ல எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது.

எங்களுக்கே இன்னும் நெருடுவது போக்சோ. 18 வயது நிரம்பாதவள் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தவர் எல்லோரும் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் சேர்ந்து வாழும் வழக்கம் உள்ள ஊர்களில், கர்ப்பமான பெண் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் வீட்டில் பெற்றுக்கொள்ளப் பார்க்கிறாள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைத் தகவலில் எழுதாமல் விட, அவளும் காப்பாளரும் கேட்டால், மருத்துவருக்கு 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது; பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அந்த வழி இல்லை. ஆகவே "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று எந்தச் சிறுமிக்கும் வாக்குக் கொடுக்காதே என்பதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லப் பழக்குகிறோம்.

கடைசி வகுப்பில் ஆளுக்கொரு துணிப்பை. உள்ளே கோடு போட்ட நோட்டு, கார்பன் தாள், மை டப்பா, நான்கு பழுப்புக் காகித உறை, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100 என்று எழுதிய அட்டை, பஸ்ஸுக்குச் சில்லறை. மதிப்பூதியம் வரத் தாமதமாகும். சில்லறை இல்லாமல் போனால் மற்றதெல்லாம் மலையிலேயே கிடக்கும்.